நாளைக்கு யூஸ் பை முடியுது, விருந்து நாளன்னைக்கு: டர்க்கிய என்ன பண்றது?

ரெடிங்வாசி
டிசம்பர் 26, மாலை 5.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், யூகேல இருக்கறவங்க யாராவது இன்னைக்கே பாத்து பதில் போட்டா பெரிய உதவியா இருக்கும். கிறிஸ்மஸ் அன்னைக்கு மச்சான் குடும்பம் லெஸ்டர்ல இருந்து வர்றதா இருந்துச்சு, அவங்களுக்காக முழு டர்க்கி ஒன்னு முன்கூட்டியே ஆர்டர் போட்டு 23ஆம் தேதி எடுத்துட்டு வந்தோம், 4.6 கிலோ, ஃப்ரோசன் இல்ல, ஃப்ரெஷ். 24 ராத்திரி அவங்க சின்னவனுக்கு நல்ல காய்ச்சல், கிளம்ப முடியல, அதனால விருந்த 28 மதியத்துக்கு தள்ளி வச்சிட்டோம். இப்ப லேபிள எடுத்து பாத்தா யூஸ் பை 27 டிசம்பர்னு போட்டிருக்கு, கீழ 5 டிகிரிக்குள்ள வைக்கவும்னும் இருக்கு.

கவர் இன்னும் பிரிக்கல. வாங்கிட்டு வந்ததுல இருந்து ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு, கீழ் தட்டுல. ஆனா ஃப்ரிட்ஜ் முழுக்க சாமான், கேக், ட்ரிங்ஸ், மாவு டப்பானு அடைச்சு கிடக்கு, பிள்ளைங்க வேற நிமிஷத்துக்கு ஒரு தடவ திறக்கறாங்க.

மாமியார் பாளையங்கோட்டைல இருந்து வந்து தங்கியிருக்காங்க. அவங்க சொல்றது, பிரிச்சு மோந்து பாரு, நாத்தம் இல்லன்னா மஞ்சளும் உப்பும் போட்டு அலசி 28 காலைல அடுப்புல ஏத்திடலாம், ஒரு நாள்ல என்ன ஆயிடப் போகுதுன்னு. வீட்டம்மா வேண்டாங்கறாங்க. வர்றவங்கள்ல மச்சான் வீட்டம்மா 7 மாசம், மாமாவுக்கு எழுபது தாண்டி சுகர் வேற, அதான் எனக்கும் யோசனையா இருக்கு. அம்பது பவுண்டுக்கு மேல குடுத்த பறவைய குப்பைல போடவும் மனசு வரல. ஃப்ரீசர்ல இன்னைக்கு ராத்திரி போட்டுட்டு 28 காலைல எடுத்தா சரியா வருமா? இல்ல நாளைக்கே சமைச்சு வச்சு மறுநாள் சூடு பண்ணி குடுக்கலாமா? முழு பறவையா மேசைல வைக்கணும்னு பிள்ளைங்களுக்கு ஆசை, அது நடந்தாலும் சரி நடக்கலன்னாலும் சரி, யாருக்கும் வயித்துக்கு ஒன்னும் வரக்கூடாது.


கறிக்கவுண்டர்
டிசம்பர் 26, மாலை 6.05

ப்ரோ, சூப்பர்மார்க்கெட் இறைச்சி கவுண்டர்ல வேலை பாத்தவன்ங்கற முறையில சொல்றேன். யூஸ் பை வேற, பெஸ்ட் பிஃபோர் வேற. பெஸ்ட் பிஃபோர்ங்கறது ருசி, மொறுமொறுப்பு, இந்த மாதிரி தரத்துக்கு, அது தாண்டினா பிஸ்கட் நமத்துப் போகும் அவ்வளவுதான். யூஸ் பை பாதுகாப்புக்கு. அது தாண்டின பொருள கடைல விக்கறதே இங்க சட்டப்படி குத்தம், அதனாலதான் அந்தந்த தேதிக்குள்ள விலைய பாதியா குறைச்சு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி தள்ளுவாங்க, மிச்சம் இருந்தா எடுத்துருவாங்க. 27னு போட்டிருந்தா 27 ராத்திரி 12 மணி வரைக்கும் கணக்கு. அதுக்குள்ள நீங்க ரெண்டுல ஒன்னு பண்ணணும், ஒன்னு சமைக்கணும் இல்ல ஃப்ரீசர்ல வைக்கணும். 28 காலைல பச்சையா எடுத்து அடுப்புல ஏத்தறது வேண்டாம்.

ஆனா ஃப்ரீசர் ஐடியா உங்க விருந்துக்கு ஒத்து வராது. முழு டர்க்கிய ஃப்ரிட்ஜ்ல வச்சு ஐஸ் விட வைக்க கிலோவுக்கு 10லேர்ந்து 12 மணி நேரம் கணக்கு போடணும். 4.6 கிலோன்னா கிட்டத்தட்ட 46 மணியில இருந்து 55 மணி நேரம், அதாவது ரெண்டு நாள் முழுசா. இன்னைக்கு ராத்திரி உள்ள வச்சா அது முழுசா உறையவே ஒரு நாளுக்கு மேல ஆகும், வீட்டு ஃப்ரீசர் அவ்வளவு வேகமா இழுக்காது. 28 காலைல எடுத்தா வெளிய லேசா இளகியிருக்கும் உள்ள கல்லு மாதிரி இருக்கும், அத அப்படியே ஓவன்ல வச்சா மேல் தோல் கருகும், தொடை எலும்பு பக்கம் வேகாம கிடக்கும். நியூ இயருக்கு வேணும்னா ஃப்ரீசர் நல்ல வழி, 28க்கு இல்ல.


எடிசன்நகர்
டிசம்பர் 26, மாலை 6.30

நான் நியூஜெர்சில இருக்கேன். இங்க இந்த தேதிக்கெல்லாம் இவ்வளவு பயப்பட மாட்டாங்க. யூஎஸ்டிஏவே, அதாவது அமெரிக்க வேளாண் துறையே சொல்லுது, குழந்தைங்க ஃபார்முலா தவிர மத்த எதுக்கும் தேதி போடணும்னு ஃபெடரல் சட்டம் இல்ல, போட்டிருக்க தேதியும் தரத்துக்குத்தான், பாதுகாப்புக்கு இல்லன்னு. ஒரு நாள் தாண்டினா ஒன்னும் இல்ல சார், நல்லா வேக வச்சா எந்த கிருமியும் செத்துரும். வேக வைக்கறதுதான் முக்கியம். அப்புறம் எதுக்கு தேதிய கட்டிக்கிட்டு அழணும்? யாராவது விளக்கமா சொன்னா நானும் தெரிஞ்சுக்குவேன்.


லேப்பெஞ்ச்
டிசம்பர் 26, இரவு 7.50

உணவு மைக்ரோபயாலஜி லேப்ல இருக்கேன், இந்த கேள்வி ஒவ்வொரு வருஷமும் இந்த வாரம் வரும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

எடிசன்நகர் சொன்னது அமெரிக்காவுக்கு சரி. அங்க யூஸ் பைன்னு போட்டிருந்தாலும் அது கம்பெனி தன்னோட தரத்துக்கு வச்ச தேதி. அதே வார்த்தைக்கு இங்க யூகேலயும் ஐரோப்பாவுலயும் சட்டத்துல வேற அர்த்தம், சீக்கிரம் கெட்டு ஆளுக்கு ஆபத்தாகக்கூடிய சாமானுக்கு மட்டும்தான் போடுவாங்க. அதனால அங்க இருக்க சொந்தக்காரங்க சொல்றத வச்சு இங்க முடிவு எடுக்க வேண்டாம். அங்கயும் ஃப்ரெஷ் டர்க்கிய ஃப்ரிட்ஜ்ல ஒன்னு ரெண்டு நாளுக்கு மேல வைக்காதீங்கன்னுதான் யூஎஸ்டிஏ சொல்லும், அந்த பகுதிய யாரும் ஃபார்வேர்ட் பண்றதில்ல.

இப்ப மோந்து பாக்கற விஷயம். மாமியார் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, ஊர்ல காலைல வெட்டின கறிய மதியம் சமைச்சு சாப்பிட்ட தலைமுறைக்கு மூக்கு போதுமானதா இருந்துச்சு. ஆனா ஃப்ரிட்ஜ்ல நாள் கணக்கா இருந்த கறிக்கு மூக்கு போதாது. நாத்தத்தையும் பிசுபிசுப்பையும் உண்டாக்கறது சூடோமோனாஸ் மாதிரி கறிய கெடுக்கற பாக்டீரியா. ஆள படுக்க போடறது வேற கூட்டம், கேம்பிலோபேக்டர், சால்மோனெல்லா, லிஸ்டீரியா. இதுங்க இருந்தா நாத்தம் வராது, நிறம் மாறாது. கேம்பிலோபேக்டர எடுத்துக்கோங்க, ஃப்ரிட்ஜ் குளிருல அது பெருகவே பெருகாது, ஆனா சில நூறு செல் வயித்துக்குள்ள போனா போதும், ஒரு வாரம் ஆள புரட்டி எடுத்துரும். லிஸ்டீரியா நேர் எதிர், ஃப்ரிட்ஜ்லயும் மெதுவா வளரும், கர்ப்பிணிகளுக்கும் வயசானவங்களுக்கும் அதுதான் பெரிய பயம். சுருக்கமா சொன்னா, நாறினா கண்டிப்பா தூக்கி போடணும், நாறலன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல.

வேக வச்சா செத்துருமேன்னு கேட்டது நல்ல கேள்வி. நடுப்பகுதி 70 டிகிரிக்கு போய் 2 நிமிஷம் அங்க நின்னா மேல சொன்ன மூனும் செத்துரும், 75 டிகிரின்னா 30 செகண்டே போதும். ஆனா சில பாக்டீரியா வளரும்போதே டாக்ஸின், அதாவது விஷம், விட்டுட்டு போகும், ஸ்டஃபைலோகாக்கஸ் விடற டாக்ஸின் கொதிச்சாலும் அழியாது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ்னு இன்னொரு பாக்டீரியாவோட ஸ்போர் (விதை மாதிரி தூங்கற நிலை) ரோஸ்ட் சூட்டையும் தாங்கிட்டு உயிரோட இருக்கும். இன்னொன்னு, அடுப்புல ஏறறதுக்கு முன்னாடியே அந்த கறியோட தண்ணி உங்க சிங்க், கட்டிங் போர்ட், கை, குழாய் திருகு எல்லாத்துலயும் பட்டுரும், அத யாரும் வேக வைக்கறதில்ல. 27 ராத்திரி 12 அடிச்ச உடனே பறவை விஷமா மாறிடாது, உண்மைதான். இத்தன நாள், இந்த குளிருல இருந்தா பரவால்லன்னு டெஸ்ட் பண்ணி பாத்து கம்பெனி குடுக்கற உறுதி அதோட முடியுது. அதுக்கப்புறம் உங்க யூகம்தான், 7 மாச கர்ப்பிணிய வச்சுக்கிட்டு யூகம் பண்ண வேண்டாம்.

அந்த உறுதிக்கும் ஒரு நிபந்தனை இருக்கு, உங்க லேபிள்லயே போட்டிருக்கு, 5 டிகிரி. ஃப்ரிட்ஜ் கதவுல 4னு டிஸ்ப்ளே காட்டுறத நம்பாதீங்க. பண்டிகை வாரத்துல ஃப்ரிட்ஜ அடைச்சு வச்சா காத்து ஓடாது, தட்டுக்கு தட்டு சூடு மாறும். ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்தி தெர்மாமீட்டர அதுக்குள்ள போட்டு டர்க்கி இருக்கற தட்டுல வைங்க, ராத்திரி முழுக்க விட்டுட்டு காலைல கதவ திறந்த உடனே பாருங்க. அஞ்சுக்குள்ள இருந்தா நாளைக்கு சமைக்கலாம். எட்டு ஒன்பதுன்னு இருந்து நாள் கணக்கா அப்படியே இருந்திருந்தா, தேதி பாக்கி இருந்தாலும் அவங்களுக்கு நான் குடுக்க மாட்டேன்.


ஹேரோ அக்கா
டிசம்பர் 26, இரவு 8.25

தம்பி, லேப்பெஞ்ச் சொன்னது எல்லாம் சரி, நான் சமையல் பக்கத்தால ஒண்டு சொல்லுறன். நாளைக்குப் பின்னேரமே வான்கோழிய முழுசா ரோஸ்ட் பண்ணுங்கோ. பிள்ளையள் மேசையில வச்சுப் பாக்கட்டும், படம் எடுக்கட்டும், நீங்களும் சுடச்சுட கொஞ்சம் சாப்பிடுங்கோ. பிறகு ஆறட்டும் எண்டு முழுசா மூடி வைக்கக் கூடாது, அதுதான் எங்கட ஆக்கள் கனபேர் செய்யிறது. பெரிய பறவை, நடுவில சூடு மணித்தியாலக் கணக்கா நிக்கும். எலும்பில இருந்து இறைச்சிய எல்லாம் பிரிச்செடுத்து, அகலமான தட்டையான ட்ரேயில ஒரு அடுக்காப் பரப்பி, மேல கொஞ்சம் கிரேவி ஊத்தி வையுங்கோ, காயாது. ஒண்டு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குள்ள போயிட வேணும். நாளையிண்டைக்கு மத்தியானம் தேவையானத மட்டும் எடுத்து ஆவி பறக்கச் சூடாக்கிக் குடுங்கோ. ஒருக்காத்தான் சூடாக்கலாம், திரும்பத் திரும்ப வேண்டாம்.

நான் நத்தாருக்கு எப்பவும் தொடை ரெண்டையும் வேறயா வெட்டி எடுத்துப் பிரட்டல் கறி வைக்கிறனான். தொடை இறைச்சி கறிக்குத்தான் பொருத்தம், நெஞ்சிறைச்சி ரோஸ்டுக்கு. நல்லா வத்தப் பிரட்டினா நாளையிண்டைக்கு இன்னும் ருசியா இருக்கும். உங்கட மாமியின்ர கைப்பக்குவம் அதில வேலை செய்யட்டும், அவவுக்கும் சந்தோசமா இருக்கும்.

மஞ்சள் போட்டு அலசுறது மட்டும் இஞ்ச வேண்டாம் எண்டு அவவுக்கு ஆறுதலாச் சொல்லுங்கோ. பைப்புக்குக் கீழ பிடிச்சுக் கழுவினா தண்ணி தெறிச்சு, பக்கத்தில வச்சிருக்கிற சலாட், கோப்பை எல்லாத்திலயும் படும். கிச்சின் பேப்பரால ஒத்தி எடுத்தாக் காணும். மஞ்சள் உப்புப் பூசுறதெண்டா கழுவாமல் பூசட்டும், வாசத்துக்கு நல்லது, ஆனா மஞ்சள் பூசின உடன திகதி நீளாது.


மில்டன்கீன்ஸ் முருங்கை
டிசம்பர் 26, இரவு 9.10

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க வீட்டுல வேற மாதிரி. ஹாம் ஸ்லைஸ் பாக்கெட் ஒன்னு 22ஆம் தேதி பிரிச்சது, யூஸ் பை ஜனவரி 2 வரைக்கும் இருக்கு, அத இன்னும் சாப்பிடலாமா? அப்புறம் ஹலால் கடைல வாங்கின ஆட்டுக்கறி, வெறும் பாலிதீன் பைல கட்டி குடுத்தாங்க, தேதியே இல்ல. அதுக்கு எத வச்சு பாக்கறது?


கறிக்கவுண்டர்
டிசம்பர் 26, இரவு 9.35

ஹாம் பாக்கெட்ட திருப்பி பின்பக்கம் சின்ன எழுத்துல பாருங்க, பிரிச்ச பிறகு இத்தன நாளுக்குள்ளன்னு போட்டிருக்கும், பெரும்பாலும் ரெண்டு மூனு நாள்தான் இருக்கும். பிரிச்சாச்சுன்னா அதுதான் கணக்கு, முன்னாடி போட்டிருக்க ஜனவரி 2 பிரிக்காத பாக்கெட்டுக்கு. 22ல பிரிச்சத நான்னா போட்ருவேன், சமைக்காம அப்படியே சாப்பிடற சாமான் அது, வேக வச்சு தப்பிக்கவும் வழியில்ல. கேமன்னு (gammon) ஹாம் மாதிரியே இருக்கற பன்னிக்கறி வாங்கியிருந்தா அது பச்சை, உப்புல ஊற வச்சதுதான், வேக வச்சுத்தான் சாப்பிடணும், ஹாம்னு நெனச்சு அப்படியே வெட்டி சாப்பிட்டவங்கள பாத்திருக்கேன்.

ஆட்டுக்கறிக்கு தேதி இல்லன்னா வாங்கும்போதே கேளுங்க, என்னைக்கு வெட்டினது, ஏற்கனவே ஃப்ரீசர்ல இருந்து எடுத்ததான்னு. நான் வீட்டுக்கு வந்த அன்னைக்கே ரெண்டு நாளுக்குள்ள சமைக்கறத மட்டும் ஃப்ரிட்ஜ்ல கீழ் தட்டுல மூடி வச்சிட்டு மத்தத ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமா கட்டி, மேல தேதி எழுதி ஃப்ரீசர்ல போட்ருவேன். ஃப்ரீசர் கிருமிய கொல்லாது, அப்படியே நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். வெளிய எடுத்து இளகின பிறகு 24 மணி நேரத்துக்குள்ள சமைச்சிரணும்.


ரெடிங்வாசி
டிசம்பர் 27, காலை 8.15

எல்லாருக்கும் மனசார நன்றி. நேத்து ராத்திரி டம்ளர்ல தெர்மாமீட்டர் போட்டு வச்சேன், கீழ் தட்டுல ஒன்னு, கதவுல ஒன்னு. காலைல பாத்தா டர்க்கி இருக்கற கீழ் தட்டு 4, கதவு 9. கதவுலதான் பால் வச்சிட்டு இருந்தோம், இப்ப உள்ள மாத்திட்டோம். ட்ரிங்ஸ் எல்லாத்தையும் கராஜுக்கு எடுத்துட்டு போய்ட்டேன்.

லேப்பெஞ்ச் எழுதினத மாமியாருக்கு முழுசா படிச்சு காமிச்சேன். அமைதியா கேட்டாங்க, கேட்டுட்டு, புள்ளத்தாச்சி பொண்ணு சாப்பிட போறா, அப்ப இன்னைக்கே சமைச்சிரலாம்னு அவங்களே சொல்லிட்டாங்க. ஹேரோ அக்கா சொன்ன பிரட்டலுக்கு மிளகு இடிக்க இப்பவே ஆரம்பிச்சாச்சு. ஆனா பிள்ளைங்களுக்கு முழு பறவை வேணும், அதனால தொடைய முன்னாடியே வெட்டல, முழுசா ரோஸ்ட் பண்ணிட்டு அப்புறமா தொடைக்கறிய பிரிச்சு பிரட்டலாம்னு இருக்கோம். வெந்துருச்சான்னு எங்க குத்தி பாக்கணும்? கூட பிரியாணி சோறும் இன்னைக்கே பண்ணி வைக்கலாமா, இல்ல நாளைக்கா?


லேப்பெஞ்ச்
டிசம்பர் 27, காலை 8.50

கீழ் தட்டு 4ன்னா நிம்மதி, தாராளமா சமைங்க. குத்தி பாக்க வேண்டிய இடம் தொடையும் உடம்பும் சேர்ற மடிப்பு, அங்கதான் கறி தடிப்பு, கடைசியா வேகற இடமும் அதுதான். தெர்மாமீட்டர் நுனி எலும்புல படாம பாத்துக்கோங்க, எலும்பு சூடு தப்பா காட்டும். நெஞ்சுல தடிப்பான இடத்துலயும் ஒரு தடவ பாருங்க. ரெண்டு இடத்துலயும் 75 தாண்டினா எடுத்துரலாம். வழியற தண்ணி தெளிவா இருக்கணும், ரத்த நிறம் இருந்தா திரும்ப உள்ள வைங்க. ஸ்டஃபிங் பண்றதா இருந்தா உள்ள திணிக்காதீங்க, தனி ட்ரேல வேக வைங்க, உள்ள திணிச்சா நடுவுல சூடு போய் சேர நேரம் ஆகும், அது வேகறதுக்குள்ள நெஞ்சுக்கறி வறண்டு போயிரும்.

சோறு நாளைக்கே வடிங்க. சமைச்ச டர்க்கி ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாள் தாங்கும், சோறு 24 மணி நேரம்தான், அதுவும் உடனே ஆற வச்சு உள்ள வச்சிருந்தா. பேசில்லஸ் செரியஸ்னு ஒன்னு அரிசிலயே ஸ்போரா இருக்கும், ஆறின சோறு வெளிய கிடந்தா அது வளர்ந்து டாக்ஸின் விடும், சூடு பண்ணினாலும் அது போகாது. நம்ம வீடுகள்ல டர்க்கிய விட இந்த சோத்துலதான் நான் அதிகமா கவனமா இருப்பேன்.

இன்னைக்கு சாப்பிட்டது போக 28 விருந்துக்கு எவ்வளவு வேணுமோ அத மட்டும் ஃப்ரிட்ஜ்ல வைங்க. மிச்சம் நிறைய இருக்கும் போல இருந்தா சின்ன டப்பாவா போட்டு இன்னைக்கே ஃப்ரீசருக்கு அனுப்பிருங்க, 29, 30னு இழுக்க வேண்டாம். மச்சான் வீட்டம்மாவுக்கு குடுக்கறது தட்டுல வைக்கும்போது உள்ள வரைக்கும் ஆவி பறக்கணும், மேல மட்டும் சூடா இருந்தா பத்தாது, மைக்ரோவேவ்ல பண்ணினா நடுவுல ஒரு தடவ கிளறி விட்டு திரும்ப வைங்க.


எடிசன்நகர்
டிசம்பர் 27, மதியம் 1.20

விளக்கத்துக்கு நன்றி லேப்பெஞ்ச். டாக்ஸின் விஷயம் நான் யோசிச்சதே இல்ல. இங்க 165 ஃபாரன்ஹீட்னு சொல்ற கணக்கு உங்க 74க்கு கிட்ட வருது, அது ரெண்டு பக்கமும் ஒன்னுதான்.


கறிக்கவுண்டர்
டிசம்பர் 27, மதியம் 1.45

ப்ரோ, ஓவன்ல வைக்கறதுக்கு முன்னாடி பறவை உள்ள கைய விட்டு பாருங்க. கழுத்து, ஈரல், இதயம் எல்லாம் ஒரு சின்ன பிளாஸ்டிக் பைல போட்டு உள்ளயே சொருகியிருப்பாங்க, சில கம்பெனி கழுத்துப் பக்கம் தோலுக்கு கீழ வைக்கும், ரெண்டு பக்கமும் பாருங்க. அதுக்கும் இதே 27தான் தேதி, அதனால கழுத்த கிரேவிக்கு கொதிக்க போட்டுட்டு ஈரல பிரட்டல்லயே சேத்துருங்க. பிளாஸ்டிக்கோட வேகாம பாத்துக்கோங்க. கைய சோப்பு போட்டு கழுவிட்டு அப்புறம் குழாய் திருகையும் ஒரு தடவ துடைச்சிருங்க. எலும்புக்கூட ராத்திரியே சூப்புக்கு கொதிக்க வச்சு வடிகட்டிட்டா ஃப்ரிட்ஜ்ல இடமும் மிச்சம், அந்த சூப்ப ஆற வச்சு டப்பால போட்டு ஃப்ரீசர்ல வச்சிட்டா பிறகு பிரியாணி தம் போட தண்ணிக்கு பதிலா ஊத்தலாம்.